எல்லைக்கு ஆர் பொறுப்பு

லண்டன் கோலியர்ஸ் வுட்டிலை எங்கடை றோட்டு முடியிற இடத்திலை ஒரு ஹொட்டல். அகதி கேட்டு வந்த சனத்தை அரசாங்கம் அதுக்குள்ளை கொண்டுவந்து விட்டது. எங்கடை பகுதியைப் பாக்கிற கவுன்சிலுக்குப் பொறுக்கேல்லை. எங்களைக் கேளாமல் எங்கடை இடத்திலை எப்பிடி விடுவியள் எண்டு கோட்டுக்குப் போச்சுது. நாட்டின்ர எல்லை எங்கடை அலுவல், நீங்கள் போய்க் குப்பையை அள்ளுங்கோ எண்டமாதிரி அரசாங்கம் மறுமொழி சொல்லிச்சுது. நல்ல கூத்து! எல்லை கடற்கரையிலை கிடக்கெண்டெல்லோ நான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன்.

அந்த ஹொட்டலிலை வன்னியிலை இருந்து வந்த ஒரு தாயும் மகளும் ஒரு அறையிலை இருந்தினம். கோயிலிலை வந்த பழக்கம், தாய் என்னை அக்கா எண்டுதான் கூப்பிடுவா. மகளுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலை பெரிய சோதினை தொடங்கப் போகுது. அது முடியுமட்டும் அந்த அறை இருந்தால் போதும் எண்டு தாய் நேர்த்தி வைச்சிருந்தா. அதுக்கிடையிலை, கவுன்சிலின்ர வழக்காலை ஹொட்டலை மூடப்போறம் எண்டு அரசாங்கம் சொல்லிப்போட்டுது.

மொழிபெயர்க்க நான் கூடப் போனன். கவுன்சிலிலை, "ஐயோ பாவம், ஆனால் குடிவரவு எங்கடை கையிலை இல்லை" எண்டினம். அரசாங்கத்துக்குப் போன் அடிச்சால், "மூடச் சொன்னது கவுன்சில், அவையைக் கேளுங்கோ." மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி.

கடைசியா அரசாங்கத்திலை இருந்து ஒரு அதிகாரி அம்மா ஹொட்டலுக்கு வந்தா. லண்டனிலை உங்களுக்குச் சொந்தபந்தம் இருக்கோ எண்டு கேட்டா. அந்நியருக்கு முன்னாலை நாங்கள் நாதியத்த ஆக்கள் எண்டு சொல்ல எங்கடை சனத்துக்கு வாய் வருமே? தாய் நிமிர்ந்து இருந்து, "ஓம், எங்கடை ஆக்கள் நிறைய இருக்கினம், எங்களைக் கைவிடமாட்டினம்" எண்டா. கோயிலிலை காணுற எங்களைத்தான் சொன்னவ. நான் அதை அப்பிடியே சொல்லிப்போட்டு, இது மானத்துக்குச் சொல்லுற கதை, இவைக்கு ஒருத்தரும் இல்லை எண்டும் சொன்னன். "அவ சொன்னதை மட்டும் சொல்லுங்கோ" எண்டா அதிகாரி. மாசக்கணக்காய்க் கோட்டிலை கடிபட்ட ரெண்டு பகுதியும் இதிலை மட்டும் உடனை ஒத்துப்போச்சினம். சொந்தம் இருக்கு, அப்ப எங்கள் ரெண்டு பகுதிக்கும் பொறுப்பில்லை, வெள்ளிக்கிழமை அவையளிட்டை வெளிக்கிடுங்கோ!

நான் இருக்கிறது எங்கடை ஊர் அண்ணை ஒருத்தரின்ர வீட்டு மேல் அறையிலை, வாடகைக்கு. கோயில் மைக்கைப் பிடிச்சால் "எங்கடை சனம், எங்கடை சனம்" எண்டு தொண்டை கிழியக் கத்துற ஆள். சோதினை முடியுமட்டும் அவை என்னோடை இருக்கட்டும் அண்ணை எண்டு கேட்டன்.

"சட்டம் தங்கச்சி. இப்ப வாடகைக்கு விடுற வீட்டுக்காரன்தான் வாற ஆக்களின்ர விசாவைப் பாக்கவேணும். பாஸ்போட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கோ."

பாஸ்போட்டாம்! அகதி கேக்கிறதுக்காகத் தன்ர பாஸ்போட்டைப் பிளேன் கக்கூஸுக்குள்ளை கிழிச்சுப் போட்டிட்டு வந்திறங்கின மனிசன். அதைக் கலியாணவீடுகளிலை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறவரும் அவர்தான்.

"வாடகைக்கு இல்லை அண்ணை, என்ர விருந்தாளியள். அதுக்கு ஒரு சட்டமும் இல்லை."

"இண்டைக்கு ரெண்டு பேர், நாளைக்கு ஊரே வந்து நிக்கும். இந்த நாடு தாங்காது. கூட்டிவந்தால் நீங்களும் வேறை அறை பாக்கவேண்டிவரும்."

ஆறு கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி, கடந்தால் நீ ஆரோ நான் ஆரோ. தூ! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் அந்த அறையை விட்டால் எனக்கும் போக்கிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை போய் அண்ணை சொன்னதைத் தாயிட்டைச் சொன்னன். "அவருக்கு என்ன கரைச்சலோ, பாவம்" எண்டா. வாசல் காவல்காரன் வந்து, உங்கடை ஆக்கள் கூட்டிப்போக வராட்டி வட இங்கிலாந்திலை வேறை ஹொட்டலுக்குப் போற வானிலை ஏத்துவம் எண்டான். அவ்வளவு தூரம் போனால் மகளின்ர சோதினை போச்சு. தாய் சீலையைச் சரிசெய்துகொண்டு, "எங்கடை ஆக்கள் வந்துகொண்டிருக்கினம் எண்டு சொல்லுங்கோ அக்கா" எண்டா.

நான் வாய் திறக்கமுதல் மகள் புத்தகத்தை மூடிப்போட்டு எழும்பினாள். "அம்மா பொய் சொல்லுறா. ஒருத்தரும் வரமாட்டினம்" எண்டு காவல்காரனைப் பாத்து நல்ல இங்கிலீசிலை சொன்னாள்.

நான் அவளுக்குப் பக்கத்திலைதான் நிண்டன்.