முப்பத்திரண்டாவது பெயர்

எங்கள் ஓட்டக் குழுவில் எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவோம். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. ஊராரை எல்லாம் மேலே ஏற்றிவிட்டு, தான் மட்டும் பதினான்கு வருஷம் குடியில் விழுந்து கிடந்த மனிதர். குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. விட்ட மறுவாரமே ஓட வந்துவிட்டார். குடிக்கத் தோன்றினால் ஓடுவார். தோன்றாவிட்டாலும், எங்கே தோன்றிவிடுமோ என்று ஓடுவார்.

மாரத்தானுக்கு ஏழு வாரம் இருந்தது. ஞாயிறுதோறும் முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடவேண்டும். இருபதைத் தாண்டினால் கால் நம் பேச்சைக் கேட்காது, மனசு "போதும்டா சாமி" என்று கெஞ்சும். அதற்கு வழி சொன்னவன் நான்தான். மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு யோசனை சொல்லாமல் இருக்க முடியுமா? நமக்கு நல்லது செய்தவர்களைக் கிலோமீட்டருக்கு ஒருவராகக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ள வேண்டும். அவரை நினைத்தபடியே அந்தக் கிலோமீட்டரை ஓடி முடித்து, கட்டைவிரலால் வியர்வையோடு தேய்த்து அந்தப் பெயரை அழித்துவிட வேண்டும். நன்றி சொன்னதுபோலவும் ஆச்சு, காலுக்குத் தெம்பும் ஆச்சு.

லிஃப்ட்காரர் இரண்டு கையிலும் முழங்கை வரை எழுதினார். முதலில் டாக்டர். பிறகு வேலையைத் திருப்பிக் கொடுத்த முதலாளி. ஐந்தாவது நான். பதினொன்றாவது, காலைக் கடிக்காத ஷூவாகப் பார்த்து எடுத்துக் கொடுத்த கடைக்காரர். முப்பத்திரண்டாவதாக மனைவி.

"எல்லாத்தையும் தாங்கினவ அவதாண்ணே. இருக்கிறதுலயே கஷ்டமான கிலோமீட்டர் அவளுக்குத்தான்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அசடு நான்.

முதல் ஞாயிறு இருபத்தேழில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஞாயிறு இருபத்தெட்டு. மூன்றாம் ஞாயிறு இருபத்தேழு முடிந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நான் ஓட்டத்தை விட்டுவிட்டு, புறப்பட்ட இடத்தில் நின்ற என் ஸ்கூட்டரை எடுத்துவந்து அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

கதவைத் திறந்தது மனைவி. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. ஆறு நாள் அங்கே ஈரப் போர்வைகளைத் தூக்கி எடுத்துவிட்டு, ஏழாம் நாள் வீட்டுத் துணியைத் துவைக்கிறவர். கணவரை நாற்காலியில் உட்காரவைத்துக் காலை நீவிவிட்டார். அவர் கையிலிருந்த பெயர்களைத் துடைக்கப் போனவர் அப்படியே நின்றார்.

"மூணு வாரமா பாக்குறேன். முக்கால்வாசிப் பேரு அழிஞ்சு போகுது, என் பேரு ஒரு வாரம்கூட அழியலையே. ஏன்?"

நான் முந்திரிக்கொட்டை மாதிரி வாயைத் திறந்தேன். "கடைசிக் கிலோமீட்டர்தாம்மா பெரிசு. அதை உனக்குன்னு வெச்சிருக்கார்."

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குடிச்சப்பவும் எல்லாருக்கும் போக மிச்சம்தான் எனக்கு. இப்பவும் அதேதானா? என்கிட்ட வர்றதுக்குள்ள விழுந்துடுறீங்களே."

"அடுத்த வாரம் உன்னை முதல்ல எழுதுறேன்."

"எழுதவே வேணாம். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை ஓடாம, வீட்லயே இருந்து, குடிக்காம இருந்து காட்டுங்க. எனக்குத் தூங்கணும். பதினஞ்சு வருஷமா கதவுச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கிட்டேதான் தூங்குறேன்."

ஊருக்கெல்லாம் நன்றி சொல்லச் சொல்லிக்கொடுத்த எனக்கு என் மேலேயே கோபமாக வந்தது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. வீட்டில்தான் இருக்கிறாரா, வேறெங்காவது போய்த் தொலைந்தாரா என்று தெரியவில்லை. ஆறாவது கிலோமீட்டரிலேயே திரும்பி, நேரே அவர் வீட்டுக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. லிஃப்ட்காரர் குளியலறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உள் அறையில் மனைவி குறட்டை விடும் சத்தம் கேட்டது.

"மெதுவாப் பேசுங்கண்ணே. தூங்குறா."

"தோணுச்சா?"

"விடிஞ்சதுலேருந்து நாலு தடவை. ஒரு தடவை தெருமுனை வரைக்கும் போயிட்டேன்." அப்போது மணி எட்டுகூட ஆகவில்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஓடினா பயம் தெரியலண்ணே. சும்மா இருந்தா தெரியுது. அவ கண்ணு முழிச்சுப் பாக்குறப்போ நான் இங்க இருக்கணும். கொஞ்ச நேரம் உக்காருங்க."