ஷீபாவின் சொற்களைத் தேடி ஆழ்வார்திருநகரிக்கு

இந்தப் பக்கத்தில் இதுவரை வந்த பயணக் கதைகளெல்லாம் நான் வாயால் சொல்லி, என் மகள் ஷீபா தட்டச்சு செய்தவை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஷீபா இறந்து ஏழு மாதம் ஆகிறது. இதை நான் பேசப் பேச அவளுடைய மடிக்கணினியே எழுதுகிறது. பிழையைப் பக்கத்து வீட்டுப் பெண் திருத்தினாள்.

எதற்குப் போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஷீபா ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். இணையம் பார்க்கிற பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் என்று சின்னச் சின்னக் கருவிகளை ஒட்டவைக்கலாமாம். அப்படி ஒன்றை வகுப்பிலிருந்த ஐந்து கணினியிலும் போட்டிருந்தாள். பாடத்தில் தெரியாத சொல்மேல் மவுசை வைத்தால் தமிழில் பொருள் வரும். அந்தப் பொருள்களை அவளே ராவும் பகலும் உட்கார்ந்து ஏற்றினாள். ஐந்து கணினியிலும் எல்லாம் அவளுடைய சொந்தக் கணக்கில்தான் ஓடியது.

அவள் போனபின் அவள் படங்களை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, அவள் மடிக்கணினியைச் செல்போன் கடையில் கொடுத்து அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினேன். கடைக்காரர், "தேவையில்லாததயும் ஒதுக்கிட்டேன், இனி வேகமா ஓடும்" என்றார். சரி என்று வந்துவிட்டேன். அன்றோடு பள்ளியில் ஐந்து கணினியிலும் பொருள் வராமல் போனது எனக்குத் தெரியாது.

போன வாரம்தான் புது டீச்சர் முத்துலட்சுமி நம்பர் தேடிப் பிடித்துப் பேசினார். "அம்மா, திங்கக்கிழம பரீட்ச. பிள்ளைங்கெல்லாம் ஷீபா டீச்சர் போட்ட சொல்லத்தான் நம்பியிருந்துச்சுவ." செல்போன் கடைக்குப் போனதைச் சொன்னேன். " கடைக்காரர் அழிச்சுட்டாரா, இருக்கா?"

எனக்குத் தேடத் தெரியாது. தேடப் பயமாகவும் இருந்தது. நானே அவளுடைய உழைப்பை அழித்துவிட்டேனோ என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை பாளையங்கோட்டை ஸ்டேஷனில் திருச்செந்தூர் பாசஞ்சர் ஏறினேன். காலை ஏழரைக்குக் கொஞ்சம் முன்னால். டிக்கெட் பத்து ரூபாய். முக்கால் மணி நேரம். செய்துங்கநல்லூர் தாண்டினால் இரண்டு பக்கமும் வாழை. ஷீபா தினமும் பார்த்த வாழை. ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் நான் மடியில் மடிக்கணினி இருந்த பையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆழ்வார்திருநகரி ஸ்டேஷனிலிருந்து பள்ளி மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

"எம் மவ நூறுதான் சொல்லுவா" என்றேன்.

"யாருக்கா ஒங்க மவ?"

"ஷீபா டீச்சர்."

அவர் இறங்கி வந்தார். பையை வாங்கி உள்ளே வைத்தார். போகும்போது, "எம் பிள்ள அவுககிட்டதான் படிச்சா. வீட்ல எதக் கேட்டாலும் 'மவுச வச்சுப் பாருப்பா'ன்னு கேலி பண்ணுதா. ஆட்டோவுல எங்கக்கா இருக்கு மவுசு?" என்றார். ஏழு மாதத்தில் நான் சிரித்தது அப்போதுதான். நூறே வாங்கினார்.

கணினி அறையில் முத்துலட்சுமி டீச்சரும் இசக்கியம்மாள் என்ற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் இருந்தார்கள். காலண்டர் தாளில் எழுதிய கடவுச்சொல்லை நீட்டினேன். டீச்சர் எதையோ திறந்து, மெதுவாக ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அழிக்கலம்மா. அணைச்சுத்தான் வச்சிருக்காரு."

இசக்கி ஒரு பாடத்தைத் திறந்து மவுசை வைத்தாள். "டீச்சர், வருது."

ஸ்டபர்ன் என்று ஒரு சொல். அதற்கு ஷீபா எழுதியிருந்ததை இசக்கி வாசித்தாள்: "சொன்னா கேக்காத ஆளு. எங்க அம்மா மாதிரி."

டீச்சருக்குச் சங்கடம். "இத வேணா எடுத்துருதேம்மா."

"இருக்கட்டும். பொய்யா எழுதியிருக்கா?" என்றேன்.

டீச்சர் அந்தச் சொற்களையெல்லாம் ஒரே கோப்பாகச் சேமித்தார். பள்ளியின் பெயரில் புதுக் கணக்கு தொடங்கி ஐந்து கணினியிலும் ஏற்றினார். நாற்பது நிமிடம் ஆனது. ஷீபாவின் கணக்கை எல்லாவற்றிலும் மூடி, "இனி அவுக படம் ஒண்ணும் இங்கன கிடையாதும்மா" என்று காட்டினார். ஷீபாவின் மடிக்கணினியில், பேசினால் எழுதுகிற கருவியும் அணைந்து கிடந்ததாம். அதை உயிர்ப்பித்து எனக்குச் சொல்லிக்கொடுத்தது இசக்கி.

சொற்கள் நாலாம் பாடம் வரைக்கும்தான் இருந்தன. ஐந்தாம் பாடத்தில் எங்கே மவுசை வைத்தாலும் ஒன்றும் வரவில்லை. அதற்குள் அவள் நோயில் படுத்துவிட்டாள். அதில் ஒரு சொல்லை இசக்கி தொட்டுக் காட்டினாள்.

"ஹார்வெஸ்ட்டுன்னா அறுவடை. இதுக்கு ஷீபா டீச்சர் எப்படிப் போடுவாவ?" என்று இசக்கி என்னைக் கேட்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் அறுப்புக்குப் போனவள். "கதிர் தல சாஞ்சதும் அருவாளோட எறங்குவோம்லா, முதுவு ஒடியும். அதுதான்" என்றேன். அவள் அப்படியே அடித்தாள். கீழே, 'ஷீபா டீச்சர் அம்மா சொன்னது' என்றும் போட்டாள்.

இப்படி ஒரு காரியமாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வகுப்புக்குப் போடுகிற கருவிகளை ஒருத்தர் சொந்தக் கணக்கில் வைக்காதீர்கள், பள்ளிக் கணக்கில் வையுங்கள். ஏற்றியதை ஒரு கோப்பாகவும் எடுத்து வையுங்கள். வீட்டில் ஒருவர் இறந்தால், கடவுச்சொல்லை மாற்றுமுன் அவர் வேலை பார்த்த இடத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். ரயில் நேரம் மாறும், முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். சார்ஜரை மறக்க வேண்டாம். நான் மறந்தேன், பள்ளியில் ஒன்று இருந்ததால் பிழைத்தேன்.

பரீட்சை முடிந்த அன்று டீச்சர் பேசினார். பிள்ளைகள் நன்றாக எழுதியிருக்கிறார்களாம். ஆறாம் பாடத்தில் ஆறு, படகு, வலை என்று வருகிறதாம். "அம்மாவ எப்ப கூட்டிட்டு வருவியன்னு பிள்ளைங்க கேக்காவ" என்றார்.

வருகிற புதன்கிழமை ரயிலுக்குப் பத்து ரூபாயும் சார்ஜரும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.