கோயில் முடக்கில் வெடிக்காத டயர்

ஞாயிறு தோறும் நாங்கள் நாலு பேர் போன் வழியாக ஒரு கதை விளையாட்டு விளையாடுவது உங்களுக்குத் தெரியும். பகடை உருட்ட ஒரு ஆப், சத்தங்களுக்கு இன்னொரு ஆப். கதையை நடத்துகிறவள் நான். எனக்குப் பேசக் கூச்சம் என்பதால், பூதம் உறுமுவதையும் கோட்டை வெடிப்பதையும் அந்த ஆப் பார்த்துக்கொள்ளும்.

இன்று பலாங்கொடையிலிருந்து வந்த பஸ்ஸில் பெல் வேலை செய்யவில்லை. எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குத் திரும்பும் வளைவான கோயில் முடக்கு நெருங்கியது. "எறங்கணும்" என்று கத்த வேண்டும். வாய் திறக்கவில்லை. விட்டால் அடுத்த நிறுத்தமான தேயிலை பெக்டரி வரை போய், மழையில் அட்டைக்கடியோடு திரும்பி நடக்க வேண்டும்.

சத்தம் போடத்தானே ஆப் இருக்கிறது? கோட்டை வெடிப்பதை முழுச் சத்தத்தில் அமுக்கினேன்.

பஸ் சரியாக முடக்கில் நின்றது.

"டயர் போயிருச்சு! எல்லாரும் எறங்குங்க!" என்றார் கண்டக்டர்.

எல்லோரோடும் நானும் இறங்கினேன். அவர் நனைந்துகொண்டே ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்தார்.

"ஒன்னும் ஆகலியே. சரி, ஏறுங்க, ஏறுங்க!"

எல்லோரும் ஏறினார்கள். நான் மட்டும் நின்றேன்.

"என்னா நங்கி, பயந்துட்டியா? டயர் நல்லாத்தான் இருக்கு. வா, ஏறு" என்று தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார் கண்டக்டர்.

நான் இங்கேதான் இறங்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம்.

ஏறிவிட்டேன்.

பெக்டரியிலிருந்து நடந்து வந்து, காலில் அட்டைக்கு உப்புத் தடவிக்கொண்டே இதை எழுதுகிறேன்.

"எறங்கணும்" என்று சொல்கிற ஆப் இருந்தால் அனுப்புங்கள். பூதத்தின் குரலாக இருந்தாலும் பரவாயில்லை.