பதினாறு நிறங்கள்

போன வாரம் ஆதாரில் முகவரி மாற்ற இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். என்னைப் போல ஊர் மாறிக்கொண்டே இருப்பவனுக்கு அங்கே ஒரு நாற்காலியை நிரந்தரமாகப் போட்டு வைக்கலாம். கணினி முன்னால் இருந்த பெண் என் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தபோது திரை சட்டென்று கறுத்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன்.

"ஐயோ, என்னம்மா ஆச்சு?"

அவள் நிமிரக்கூட இல்லை. "டிஸ்ப்ளே டிரைவர் தானா அப்டேட் ஆகுது சார். வந்துடும்."

இரண்டு நொடியில் வந்துவிட்டது. நான்தான் நின்றபடியே அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர் என்பது கணினிக்கும் திரைக்கும் நடுவே நின்று பேசுகிற ஒரு சின்ன நிரல். அது சரியாக அமையாவிட்டால் உள்ளே எத்தனை நிறம் இருந்தாலும் அந்தக் காலத்துத் திரை பதினாறைத்தான் காட்டும். மற்றதையெல்லாம் அந்தப் பதினாறின் புள்ளிகளைக் கலந்து ஒப்பேற்றிவிடும். எனக்கு இது புத்தகத்தில் வந்த அறிவு இல்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். திருப்பூரில் தையல் மெஷின் ரிப்பேர் கற்று, பம்பாய், லூதியானா என்று சுற்றி, தொண்ணூறுகளின் நடுவில் மொரீஷியஸில் பீனிக்ஸ் என்ற ஊரில் போய் விழுந்தேன்.

பீனிக்ஸில் முக்கால்வாசி நாள் தூறல். பக்கத்து பீர் ஆலையில் தானியம் வேகிற வாசனை ஈரக்காற்றோடு வரும். எங்கள் ஸ்வெட்டர் ஆலைக்குள் நுழைந்தால் கம்பளித் தூசி. இரண்டும் சேர்ந்தால் நனைந்த நாய் கஞ்சி குடித்துவிட்டு வந்து படுத்த மாதிரி இருக்கும். அந்த வாசனையோடுதான் இரண்டு வருஷம் சோறு தின்றேன்.

அங்கே டிசைன் அறைக்கு ஒரு கணினி வந்து இறங்கியது. மேனேஜரைப் பொறுத்தவரை மின்சாரத்தில் ஓடுவதெல்லாம் மெஷின், மெஷினெல்லாம் என் தலையில். விண்டோஸின் பழைய பதிப்பு அது. திரைக்கு நிறம் அனுப்பத் தனியாக ஒரு வீடியோ கார்டும் பெட்டியில் இருந்தது. கார்டைச் சொருகி, டிரைவர் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதில் உட்கார வேண்டியவள் ரோஸ்லின்.

ரோஸ்லின் மாரிமுத்து. கழுத்தில் சிலுவை. தமிழில் அவளுக்குத் தெரிந்தது அநேகமாக அவளுடைய குடும்பப் பெயர் மட்டும்தான், அதையும் பிரெஞ்சு மூக்கால் சொல்வாள். அந்த ஊரில் தமிழர்களுக்கு 'மத்ராஸ்' என்று பெயர். அதனால் நான் 'மிஸ்யே மத்ராஸ்', அதாவது மத்ராஸ் ஐயா. "நீயும் மத்ராஸ்தானே?" என்றால், "எங்கப்பா மத்ராஸ். நான் கிரியோல். வடை மட்டும் ரெண்டு பக்கமும் தின்பேன்" என்பாள். கிரியோல் என்பது அங்கே கலப்பு வம்சத்தாருக்கும் அவர்கள் பேசும் பிரெஞ்சுக் கலப்பு மொழிக்கும் பெயர். பேசியதெல்லாம் அதில்தான், நம் பேச்சில் எழுதுகிறேன்.

பத்து வருஷம் ஸ்வெட்டருக்குக் கை இணைக்கும் மெஷினில் இருந்தவள். மெஷின் தளத்திலிருந்து டிசைன் அறைக்கு ஏறிய முதல் ஆள். மூன்று மாதம் சோதனை. தேறினால் நிரந்தரம், தவறினால் வீடு. பழைய இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள்.

அதுவரை டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு துண்டு நூலை அட்டையில் முடிந்து, எண் எழுதி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒப்பிடுவார்கள். பிறகு உள்ளங்கையளவு மாதிரி பின்னிப் பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்கும். கணினி வந்ததும், "இனிமேல் அட்டையும் வேண்டாம், மாதிரியும் வேண்டாம், திரையிலேயே தெரியும்" என்றார் மேனேஜர்.

ஒரு சனிக்கிழமை காலை டிரைவர் போட உட்கார்ந்தேன். பெட்டியில் இருந்த பிளாப்பியைச் சொருகினேன். பத்துப் பதினைந்து கார்டுகளின் பெயர்ப் பட்டியல் வந்தது. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், குத்துமதிப்பாக ஒன்றைத் தேர்ந்தேன். திரை கறுத்தது. மறுபடி தட்டுத்தடுமாறிப் பழைய பதினாறு நிறத்துக்கே கொண்டுவந்தேன். இன்னொன்றைப் போட்டேன். மறுபடி கறுப்பு. இப்படியே மதியம் ஆகிவிட்டது. மூன்று மணிக்கு மாயெபூர் பக்கம் ஒரு ஓட்டலில் ஏசி மெக்கானிக் வேலைக்கு என்னை வரச் சொல்லியிருந்தார்கள். இருக்கிற இடத்தில் இருக்கத் தெரியாத குணம் எனக்கு அப்போதே உண்டு. பதினாறு நிறத்தில் விட்டுவிட்டு எழுந்தேன்.

ரோஸ்லின் வாசலில் நின்றாள். "ஃபினி மெத்தே?" போட்டு முடிச்சாச்சா என்று அர்த்தம்.

"வி, ஃபினி" என்றேன். ஆமாம், முடிந்தது.

அவள் உட்கார்ந்து நிறப் பட்டியலைத் திறந்தாள். பெயர் இல்லாத வெறும் நிறக் கட்டங்கள். "அயோ, மிஸ்யே மத்ராஸ், இதுல ஒயின் கலர் எது, காப்பி கலர் எது? ரெண்டும் ஒண்ணாட்டம் இருக்கே?"

"ரெண்டும் இருட்டுக் கலர். அப்படித்தான் இருக்கும்."

அவள் அதற்குமுன் கணினித் திரையைப் பார்த்ததில்லை. எது சரி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் பஸ்ஸுக்கு ஓடினேன். அவள் அன்று மாலையே டிசைனை முடித்துக் கொடுத்தாள். பின்னும் மெஷின்கள் அன்றே ஓடத் தொடங்கிவிட்டன.

மனசு உறுத்தியதால் திங்கட்கிழமை யாரும் வருமுன் போனேன். பெட்டிக்குள் பஞ்சுக்கு அடியில் இன்னொரு பிளாப்பி கிடந்தது. போட்டேன். நிறமெல்லாம் பூத்துக்கொண்டு வந்தது. அப்பாடா என்று போய் டீ குடித்தேன். ஏற்கெனவே முடிந்துபோன டிசைனைத் திறந்து பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

புதன்கிழமை ஸ்வெட்டர்கள் குவிந்திருந்தன. உடம்பு ஒயின் நிறத்தில் இருக்க வேண்டும். அத்தனையும் காப்பி நிறம். மேனேஜர் எங்கள் இருவரையும் அழைத்து, திரையில் டிசைனைத் திறந்தார். ஸ்வெட்டர் உடம்பு முழுக்கக் காப்பி, பக்கத்து நிறப் பட்டியலில் ஒயின் தனியாகப் பளிச்சென்று நின்றது.

"குருடனுக்குக்கூடத் தெரியும். உனக்குத் தெரியலையா?"

ரோஸ்லின் திரையையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "சம்தி பா தி கும்சா" என்றாள். சனிக்கிழமை இப்படி இல்லை.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை எப்படி இருந்தது?"

வேலை போனால் விசாவும் போகும். அது உண்மை. ஆனால் நான் அதையெல்லாம் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகவே சொன்னது. "சனிக்கிழமையே டிரைவர் போட்டுட்டேன் சார்."

அவள் என்னைத் திட்டவில்லை. கண்ணை ஒருமுறை கசக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

மறு வருஷம் நானும் ஆலையை விட்டு, அன்று ஏசி வேலைக்கு அழைத்த அந்த ஓட்டலுக்கே போனேன். ஒரு திங்கட்கிழமை மாயெபூர் சந்தையில் ரிப்பன் கடை முன்னால் ரோஸ்லினைப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தாள். வேறொரு ஓட்டலில் சலவைப் பிரிவாம். "எல்லாம் வெள்ளை பெட்ஷீட். ஒரு கஷ்டமும் இல்ல" என்று சிரித்தாள். "டாக்டர்ட்ட காட்டினேன். கண்ணு நல்லாத்தான் இருக்காம். எனக்குத்தான் நம்பிக்கை இல்ல, சும்மா ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டேன். நூல் வாங்கக்கூட தங்கச்சி கூட வரணும்." கையிலிருந்த இரண்டு ரிப்பன்களை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது ரெண்டும் வேற வேறதானே?"

"வேற வேறதான்."

"பாரு, இப்பத் தெரியுது. அன்னைக்கு எனக்கு என்னதான் ஆச்சோ?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது என்றேன். வரவில்லை.

அந்த ஆலை மூடிவிட்டது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். பின்னும் மெஷின்களை எங்கோ மடகாஸ்கருக்குக் கொண்டுபோனார்களாம். ரோஸ்லின் எங்கே என்று கேட்க எனக்கு அங்கே ஆள் இல்லை. அந்தச் சனிக்கிழமைத் திரையைப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நேற்று ராத்திரி தூக்கம் வராமல், 'உன் கண்ணில் குற்றமில்லை' என்பதைக் கிரியோலில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அன்று பேசிய நாலு வார்த்தை மட்டும் மறக்காமல் கிடக்கிறது. கண்ணுக்கு அவர்கள் என்ன சொல்வார்கள் என்பது எவ்வளவு யோசித்தும் வரவில்லை.