இரண்டு பேருக்குச் சொல்லி வைத்த சாப்பாடு

என் மனைவி இறந்த பிறகும் அவளுடைய ஃபோனைச் சார்ஜில் போட்டு வைத்திருந்தேன். ஐப்பசியில் ஒருநாள் காலை அது அடித்தது.

"நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தீங்க. வந்தர்றீங்களாங்க?" என்றது ஒரு பெண்குரல்.

குன்னத்தூரைத் தாண்டி மானாவாரிக் காட்டுக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கடையிலிருந்து பேசினார்கள். அவள் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வர்றோமுங்க" என்று வந்துவிட்டது.

அந்தக் கடையைப் பற்றி எனக்குத் தெரியும். அங்கே நமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்க முடியாது. அந்தந்தப் பருவத்தில் காட்டில் விளைவது எதுவோ அதுதான் இலைக்கு வரும். வைகாசியில் எங்கள் கல்யாண நாளன்று அங்கே போக வேண்டுமென்று அவள் ஆசைப்பட்டாள். நான் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் மேனேஜர். "நீ ஸ்கூட்டில முன்னால போ, ஒரு மணிக்குள்ள வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்துச் சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியில் பாதிக்குப் பாதி நிறம் மாறியிருந்தது. அந்த அமளியில் சுத்தமாக மறந்துபோனேன்.

பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போய்த் தயங்கி நின்றபோது அவள் சிரித்தாள். "நானும் போகலீங்க. வெயிலுக்குப் பயந்துட்டு ஊட்லயே இருந்துட்டேன்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

மறுநாள் தனியாகக் காரில் போனேன். தார் ரோடு முடிந்து, வேலா மரங்களுக்கு நடுவே மண் தடம் வளைந்து வளைந்து போனது. நாளெல்லாம் மெஷின் இரைச்சலில் கிடக்கிற காது அந்த அமைதிக்குப் பழகவில்லை. பக்கத்து சீட்டில் யாரோ மூச்சு விடுவது போலவே இருந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

ஓடு வேய்ந்த கொட்டகையில் நாலைந்து மேஜைகள். ஒன்றில் எதிரெதிரே இரண்டு இலைகள் போட்டிருந்தன. தண்ணீர்ச் சொம்போடு வந்த கடைக்கார அம்மா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அவங்க வரலீங்களா?"

"அவங்க இல்லீங்க. ஆடியில தவறிட்டாங்க."

சொம்பை மெதுவாகக் கீழே வைத்தார். நான் ஓர் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும், "அன்னைக்கும் இப்படித்தானுங்க ரெண்டு இலை போடச் சொன்னாங்க" என்றார்.

"என்னைக்குங்க?"

"வைகாசிலீங்க. கல்யாண நாளுன்னாங்க. நீங்க வந்தருவீங்கன்னு மூணு மணி வரைக்கும் சோத்துல கையே வெக்கல. தடத்துல மண்ணு பறந்தா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தாங்க. ஃபோன் பண்ணிப் பாருங்கன்னேன், வேலைல இருப்பாருன்னுட்டாங்க."

"அப்பறம்?"

"சாப்பிட்டாங்க. மழைக்கப்பறம் பண்ணைக்கீரை வருமான்னு கேட்டாங்க. உங்களுக்குப் புடிக்கும்னு ஐப்பசிக்கு ரெண்டு பேருக்கு எழுதச் சொல்லிட்டுப் போனாங்க."

எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டேன். எதிர்ப்பக்கம் கை காட்டினார். எழுந்துபோய் அங்கே உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் தடம் முழுவதும், அது திரும்புகிற இடம் வரைக்கும் தெரிந்தது.

"அந்த இலைய எடுத்தரட்டுங்களா?"

"இருக்கட்டுங்க."

பண்ணைக்கீரைக் கடைசல், புற்றுக்காளான் குழம்பு, கொள்ளு ரசம், கம்பஞ்சோறு என்று ஒவ்வொன்றாக வந்தது. கீரையைப் பிசைந்து வாயில் வைத்தபோது தடத்தில் புழுதி எழுந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். எச்சில் கையோடு நிற்பதே பிறகுதான் உறைத்தது. பால்காரரின் மொபெட் கடந்து போயிற்று. எதிரே இருந்த இலை காற்றில் ஒருமுறை நுனி தூக்கி அடங்கியது. உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். அழுகை வரவில்லை. நிமிர்ந்து பார்க்கத்தான் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சென்னையில் வேலை பார்க்கும் மகளைக் கூப்பிட்டேன்.

"கண்ணு, அம்மா கல்யாண நாளன்னைக்கு அந்தக் கடைக்குப் போயிருக்கா. எங்கிட்ட போகலைன்னு சொன்னா."



"தெரியுமுங்கப்பா. அங்கிருந்துதான் எங்கிட்டப் பேசிட்டு இருந்தாங்க. உங்களுக்குத் தெரிய வேண்டாம், மனசு கஷ்டப்படுவீங்கன்னாங்க."

 இரண்டு பேருமே ஃபோனை வைக்கவில்லை.