செய்தியில் மூச்சுத்திணறல், பதிவில் நெஞ்சுவலி: திரேஸ்புரம் போய் வந்த கதை

போன பிப்ரவரியில் நான் தூத்துக்குடி போனது மக்ரூன் வாங்க இல்லை. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, செய்தித்தாள்களின் மாவட்டப் பக்கத்தில் வரும் சாவுச் செய்திகளை அரசின் இறப்புப் பதிவோடு ஒத்துப் பார்க்கிறோம். காரணம் மாறியிருந்தால் நேரில் விசாரித்துத் திருத்தக் கேட்போம். சம்பளம் கிடையாது. வீட்டில் திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கும்.

இந்த முறை சேவியர் என்பவரின் சாவு. சங்கு குளிக்கப் போனவர் கடலுக்குள் மூச்சுத்திணறி இறந்தார் என்றது செய்தி. பதிவில் நெஞ்சுவலி. அவர் மனைவி ஜெசிந்தாவைப் போனில் பிடித்தபோது, "சீக்கிரம் வாங்க சார். எந்தம்பி கிளாடு இன்னும் அதே போட்லதான் இறங்குதான்" என்றார்.

எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் தூத்துக்குடி. ஸ்லீப்பரே போதும். ஸ்டேஷனிலிருந்து ஜெசிந்தா வீடு இருக்கும் திரேஸ்புரத்துக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். பேரம் பேசினால் குறையும், எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

"சங்கு வாங்கவா அண்ணாச்சி?" என்றார் டிரைவர். விஷயத்தைச் சொன்னேன்.

"இங்கன கடல்ல சாவுதவன் பூராம் நெஞ்சுவலிலதான சாவுதான்" என்று சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர் சிரித்ததன் அர்த்தம் ஜெசிந்தா வீட்டில் விளங்கியது. படகில் கம்ப்ரசர் ஓடும். அதன் காற்று நீளமான டியூப் வழியாக வரும். அதை வாயில் கடித்துக்கொண்டு அடியில் போய்ச் சங்கு பொறுக்குவார்கள். அனுமதியில்லாத முறை. ஆள் செத்தால் போலீஸ் வரும், படகு பிடிபடும். அதனால் கரை சேருவதற்குள் படகில் இருப்பவர்கள் நெஞ்சுவலி என்று பேசி வைத்துக்கொள்வார்கள். வீட்டாரும் தலையாட்டுவார்கள். பிரேதப் பரிசோதனைக்கு யாருக்கு மனசு வரும்?

"அவிய ஒடம்ப அறுக்கக் கூடாதுன்னு நாந்தான் டாக்டர் கால்ல விழுந்தேன்" என்று ஜெசிந்தா முகத்தைப் பொத்திக்கொண்டார். "பொழுது சாயுமுன்ன அடக்கம் முடிஞ்சிருச்சு. இப்ப போட்டுக்காரவுகட்ட கம்ப்ரசர மாத்துங்கன்னு சண்டைக்குப் போனா, பதிவுலயே நெஞ்சுவலின்னுதான இருக்குங்காவ."

செய்தியின் நகலோடு இருவரும் பதிவு அலுவலகம் போனோம். அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் செய்தியில் சேவியரின் வயதே தப்பு. "பேப்பரப் பாத்து விசாரிக்கலாம், மாத்த முடியாது சார். போட்ல கூட இருந்தவங்க ஒருத்தராவது எழுதிக் குடுத்தா மேல அனுப்புதேன்" என்றார்.

கூட இருந்தவர் கிளாடு. சாயங்காலம் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் முதலில் என் முகத்தையே பார்க்கவில்லை. பிறகு தானாகச் சொன்னார்.

"கடக்காத்து கம்ப்ரசர் பக்கமா திரும்பிருச்சு சார். இஞ்சின் பொகை பூராம் டியூப்புக்குள்ள போயிருக்கு. இழுத்துப் போட்டப்ப மச்சான்கிட்ட அசைவே இல்ல."

"இதையே எழுதிக் கொடுப்பீங்களா?"

"குடுத்தா எவன் என்னயப் போட்ல ஏத்துவான்? போனவிய போயிட்டாவ. இருக்கவன் பொழைக்காண்டாமா?"

ஜெசிந்தா கரண்டியைச் சட்டிக்குள் போட்டார். "அப்ப ஒனக்கும் நெஞ்சுவலின்னே எழுதச் சொல்லட்டுமாலே?"

கிளாடு பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வெளியே போனார். விடிந்ததும் கரைக்குப் போய்ப் பார்த்தேன். படகு கிளம்பிப் போயிருந்தது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் தங்குங்கள், அலுவலகங்கள் கிட்டத்தில். இறப்புச் சான்றிதழில் காரணம் அச்சாகாது. உள்ளே பதிவில்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். செய்தித்தாள் வழிகாட்டுமே தவிரச் சாட்சி ஆகாது. உங்கள் வீட்டிலேயே இப்படி ஒரு சாவு நடந்தால் தயவுசெய்து பரிசோதனை வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அறுப்பது கொடுமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடக்கம் முடிந்த பிறகு உண்மையைத் தேடி நாயாய் அலைய வேண்டியிருக்கிறது. அலைந்தும் நான் வெறுங்கையோடுதான் திரும்பினேன்.

அன்று ராத்திரி ரயில் கோவில்பட்டி தாண்டும்போது ஜெசிந்தா கூப்பிட்டார்.

"தம்பி கரைக்கு வந்துட்டான் சார்" என்றார். "நாளைக்கும் போறானாம்."