பின்னுக்கே போன வால்ட்ஸ்

லண்டன் குரோய்டனில் ரயில் டிக்கெட் பார்க்கும் விஜயரத்தினத்துக்கு அறுபத்திரண்டு வயது வரை வெட்கப்பட நேரம் கிடைக்கவில்லை. அந்தக் குறையை மகள் ஜதுர்ஷிகா தீர்த்துவைத்தாள். கலியாண ரிசப்ஷனில் அப்பாவும் மகளும் வால்ட்ஸ் ஆட வேண்டுமாம். மாப்பிள்ளையின் தமக்கை கலியாணத்தில் சம்பந்தி ஆடியிருக்கிறார். பிறகென்ன, குடும்ப மானம்.

வால்ட்ஸ் ஆஸ்திரியப் பக்கத்துக் குடியானவர்களின் ஆட்டம். இருநூறு வருடங்களுக்கு முன் லண்டனுக்கு வந்தபோது, ஆணும் பெண்ணும் இப்படிக் கட்டிக்கொண்டு சுற்றுவதா என்று வெள்ளைக்காரரே முகம் சுளித்தார்கள். விஜயரத்தினம் இன்னும் சுளித்துக்கொண்டிருந்தார்.

"ஊராற்றை பொம்பிளையளை நான் எப்பிடியடா பிடிக்கிறது?" என்று, தனக்கு ஜோடியாக நண்பர் யாக்கோப்பையும் நடன வகுப்புக்கு இழுத்துப்போனார். வியன்னா முறையில் பம்பரமாகச் சுழல வேண்டும்; முழங்காலை உத்தேசித்து, ஆறுதலாக மிதக்கும் இங்கிலாந்து முறையைத் தேர்ந்தார்கள். ஆண் முன்னே அடி வைப்பான், பெண் பின்னே வைப்பாள்.

"நான் டாக்சி ஓடுறவன். முன்னுக்கு நான்தான்" என்றார் யாக்கோப்பு.

ஆறு கிழமை விஜயரத்தினம் பின்னுக்கே போனார். அழகாகவும் போனார். டீச்சர் மெச்சினார். பெண்ணின் பங்கைத்தான் பழகினேன் என்று மகளிடம் சொல்ல மட்டும் நா எழவில்லை. ஒத்திகைக்குக் கூப்பிட்டபோதெல்லாம், "மண்டபத்திலை பாப்பம் பிள்ளை" என்றார்.

மண்டபத்தில் நானூறு பேர் பார்த்தார்கள். இசை தொடங்கியதும் அப்பா பின்னே ஓர் அடி வைத்தார், மகளும் பின்னே ஓர் அடி வைத்தாள். கைகள் கயிறிழுப்புப் போல நீண்டன. முன்வரிசையில் சம்பந்தி வாயைப் பொத்திக்கொண்டார். விஜயரத்தினத்தின் மனைவி சிவமலர் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார்.

"அப்பா, முன்னுக்கு வாங்கோ!"

"ஏலாது பிள்ளை. நான் பொம்பிளையின்ரை அடிதான் பழகினனான்."

"வாட்?"

"யாக்கோப்போடை."

ஜதுர்ஷிகா சேலையைக் கொஞ்சம் தூக்கிப்பிடித்து, முன்னே அடி வைத்து, அப்பாவைத் தள்ளினாள். அவர் பின்னால் மிதந்தார். முன்னே போய்ப் பழகாததால், திரும்பும்போது அவள்தான் கேக் மேசையில் இடித்தாள். அவர் அடி ஒன்றும் பிசகவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. நாற்பது கைபேசிகள் படம்பிடித்தபடி கூடவே வந்தன.

"வெக்கமா இருக்கோ, அப்பா?"

"ஓம்."

"எனக்கும்தான். கையை விடாதேங்கோ, பாட்டு முடியேல்லை."